இரத்தம் கூடியது, கால் மரத்தது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போ என்று போனில் மூன்று முறை சொன்னேன். "உனக்கு வேற வேலையில்லடி" என்று சிரித்து வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு மடித்து வைக்காதே, டாக்டரிடம் காட்டு.

போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், தையல் மிஷினை மிதிக்கும்போது செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை, பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் பார்த்தேன் என்று. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் புதன்தோறும் ஒருவர் புது ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். இந்த வாரம் என் முறை. பி12 வைட்டமின் குறைந்தவர்களுக்கு ஃபோலிக் மாத்திரை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது கட்டுரை. இரத்தச் சோகை தீர்ந்துவிடும், பரிசோதனையும் நன்றாக வரும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மாதம் முன்பு உனக்கு இரத்தம் குறைவு என்றதும், டாக்டரெல்லாம் எதற்கு, ஃபோலிக் மாத்திரை போதும் என்றவள் நான்தானே. கறி மீன் தொடமாட்டாய், பாலைக் கண்டாலே முகம் சுளிப்பாய். பி12 எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இரத்தம் கூடியதும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி கைராசிக்காரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாயாம், அத்தான் சொன்னார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் உன் காலைக் கெடுத்திருக்கிறேன்.

அத்தானிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிப் போவார். சீருடை ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே. ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள். சீக்கிரம் போட்டால் உணர்ச்சி திரும்பும். தாமதமானால் திரும்பாமலே போகலாம். எத்தனை நாள் தாமதமானால் திரும்பாது என்று எந்தக் கட்டுரையிலும் தெளிவாக இல்லை. தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

மாத்திரை யார் சொன்னது என்று டாக்டர் கேட்பார். எனக்காக நீ பொய் சொல்வாய், நானாகவே வாங்கிச் சாப்பிட்டேன் என்பாய். வேண்டாம் அக்கா. ஐந்து மில்லிகிராம், தினம் ஒன்று, ஆறு மாதம், தங்கை சொன்னாள். இப்படியே சொல். பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இங்கே என் வாசல் வரைக்கும் நடந்து வந்து திட்டு.

மன்னிப்புக் கேட்கத் தைரியம் வராத,
உன் தங்கை