கேட்காமல் அணைக்கும் கருவி

அக். 19, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. எண்ணூர்ப் பக்கத்துப் புகை கன்டெய்னர் யார்டுக்குள் வந்து அப்படியே நிற்கிறது.

போன வருடம் வைரஸ் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தானாக அணைந்து அணைந்து எழுந்தன. அன்றிலிருந்து பேட்ச் போட்டு, வைரஸ் நுழையும் ஓட்டையை அடைப்பது என் வேலை. சிடியோடு மேஜை மேஜையாகப் போவேன். யாரும் சொல்லித்தந்ததில்லை, நானாகப் படித்தது. இனி அது வேண்டாமாம். ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் பேட்ச் அனுப்பும் கருவி வாங்கப் போகிறார் சின்ன முதலாளி (இனி சி.மு.). எதை வாங்குவதென்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். என் இடத்துக்கு வரப்போவதைத் தேடும் பொறுப்பும் எனக்கே.

இரண்டு கருவிகள் வந்திருக்கின்றன. கிண்டிக்காரர் கொண்டுவந்தது யாரையும் கேட்காது. பேட்ச் போடும், ரீஸ்டார்ட் செய்யும். மவுண்ட் ரோடுக்காரர் கொண்டுவந்தது ஒருவர் பார்த்துச் சரி என்றால்தான் போடும்.

இரண்டாவது என்றேன். சி.மு. சிரித்தார். "சரின்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்க. அப்படித்தானே?"

இவர் அப்பா காலத்தில் இப்படிப் பேச்சு கேட்டதில்லை.

அக். 20, புதன்

பிரஷர் மாத்திரை. குடைக்குக் கம்பி. இரண்டும் வாங்க மறந்தாயிற்று.

எடைமேடைக்குப் போனேன். மேடைமேல் லாரி நிற்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் எடை போய்விடும். டிரைவர் திட்டுவது அங்கே உட்கார்ந்திருக்கும் மெஹருன்னிசாவை. அதனால் அவளைக் கேட்காமல் அதில் நான் கைவைப்பதில்லை. கருவி வருவதைச் சொன்னேன்.

"நீங்க கேக்குறீங்கோ. அது கேக்குமாண்ணே?"

ஒன்று கேட்கும், ஒன்று கேட்காது என்றேன்.

அக். 21, வியாழன்

கிண்டிக் கருவியை எல்லாவற்றிலும் ஏற்றிப் பார்க்க உத்தரவு. ஏற்றினேன். மாலையில் எல்லாம் அணைத்தோம். நாளை ஆயுத பூஜை. மறுநாள் நல்ல நேரத்தில் மெயின் சுவிட்சைப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்புவது இங்கே வழக்கம். தேங்கிய பேட்ச் அத்தனையும் அப்போது ஒன்றாக இறங்கி, எல்லாம் ரீஸ்டார்ட் ஆகும் என்றேன்.

கிண்டிக்காரர்: "அதெல்லாம் அதுவே பாத்துக்கும் சார்."

அக். 22, வெள்ளி

பூஜை. தூறல். கீபோர்டில் சந்தனம் வேண்டாம் என்று வருடா வருடம் சொல்கிறேன். வருடா வருடம் வைக்கிறார்கள். சுண்டலில் உப்பு இல்லை.

அக். 23, சனி

கற்பூரம். சி.மு. சுவிட்சைப் போட்டார். எல்லாம் எழுந்தன, கைதட்டல். வெளியே லாரி வரிசை ரோடு வரை. முதல் லாரி மேடை ஏறியது. எடை வருவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்தது. எழுந்தது, மறுபடி அணைந்தது. உள்ளே ஒவ்வொரு மேஜையிலும் அதே கதை.

டிரைவர் மெஹருன்னிசாவின் ஜன்னலில் கைவைத்துக் கத்தினான்: "இன்னாமே, பொட்டு வெச்சும் கண்ணு தொறக்கலியா அதுக்கு? நேத்திலேர்ந்து லைன்ல கீறேன், பேஜாரு பண்ணிக்கினு."

"நா இன்னா பண்ணட்டும்? அதுவா அணையுது."

அவன் மேலும் சொன்னான். அதை எழுத மாட்டேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இருண்ட திரையையே பார்த்திருந்தாள்.

நான் சொன்னதுதான் நடந்தது. அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

சி.மு., எல்லோர் முன்னாலும்: "பூஜை வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்காக ஒரு ஆளை உக்கார வெக்கணுமா? உங்க சீட்டுக்காக எவ்ளோ பேச்சு."

கிண்டிக் கருவியை ஒவ்வொரு மேஜையிலிருந்தும் எடுத்து முடிக்க இரவாகிவிட்டது.

அக். 25, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. எதை வாங்குவதென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மவுண்ட் ரோடுக் கருவி. சரி என்று சொல்லும் அதிகாரம் எடைமேடை மெஹருன்னிசாவுக்கு. எனக்கு வேண்டாம்.

சி.மு. இரண்டு முறை படித்தார். "அப்ப நீங்க?"

"அது உங்க பாடு."

என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மதியமே ஏற்றினார்கள். பாஸ்வேர்டை அவள் அடித்தபோது நான் திரும்பிக்கொண்டேன்.

அக். 26, செவ்வாய்

மழை. வேலை இல்லை. மேஜை துடைத்தேன். பழைய சிடிகளை அட்டைப்பெட்டியில் போட்டேன்.

மெஹருன்னிசா நனைந்துகொண்டே ஓடிவந்தாள். "அண்ணே, புது பேட்ச் வந்துகீது. மேடைல லாரி இல்ல. போட்டுடவா?"

"என்னை இன்னாத்துக்கு கேக்குற? மேடையப் பாத்துட்ட இல்ல, போடு."

திரும்பி ஓடினாள்.

சற்று நேரத்தில் பேட்ச் இறங்கி என் கம்ப்யூட்டர் அணைந்தது. எழுந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.