நாற்பத்திரண்டு பேருக்கு ஓர் அட்டை

மாசி 9, திங்கள்

காலையில் நல்ல பனி. விசுவமடுவில் பாதி வீதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை பஸ் இருபது நிமிடம் தாமதம். நான் கடிதம் அடிக்கிற கந்தோருக்குள் வந்ததும் வராததுமாக மனேஜர் கூப்பிட்டார். வியாழக்கிழமை ஐரோப்பாக்காரர் வருகிறார்களாம். இங்கே தைக்கிற உடுப்பு வரியில்லாமல் அங்கே போகிறதே, அந்தச் சலுகையைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்க. தொழிலாளர் உரிமை, மனித உரிமை எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் சலுகை. ஒப்பந்தம் அப்படி.

எனக்குத் தந்த வேலைகள்:
– முறைப்பாட்டுப் பெட்டியின் திறப்பைத் தேடுவது (பூட்டே துருப்பிடித்துப் போய்விட்டது)
– கழிப்பறைக்குச் சவர்க்காரம், துவாய், கண்ணாடி
– வாசலுக்குப் பூச்சட்டி
– கழிப்பறை அட்டைகளைச் சேர்த்து அலுமாரியில் பூட்டுவது

அந்தக் கடைசி வேலைதான் வயிற்றெரிச்சல். ஒரு தையல் லைனில் நாற்பத்திரண்டு பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும், போனவள் திரும்பினால்தான் அடுத்தவள். அதற்குப் பயந்தே பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. பிறகு அடிவயிற்று நோ, லீவு, ஏச்சு. லைனுக்கு இன்னோர் அட்டை தாருங்கள் என்று, இங்கே தைத்துக்கொண்டிருந்த ராணி கையெழுத்துச் சேர்த்தாள். போன மாதம் அவளை வேலையால் நிறுத்திவிட்டார்கள். காரணம், ஒழுக்கமின்மை. அந்த வேலைநீக்கக் கடிதத்தை அடித்தது நான்.

செவ்வாய்

ஒத்திகை. ஆம், ஒத்திகை! பிள்ளைகளைச் சாப்பாட்டு மண்டபத்தில் நிறுத்தி மனேஜர் கேட்கிறார், "கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

"பிரச்சினை ஒண்டும் இல்லை." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல.

"சலுகை போச்சுதெண்டா ஃபக்டரிக்குப் பூட்டுத்தான். பிறகு வீட்டில இருந்து விறகு பொறுக்குங்கோ."

அது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் விசர் பிடிக்கிறது. எங்களைக் காப்பாற்ற எழுதிய ஒப்பந்தத்தை வைத்தே எங்களை வெருட்டுகிறார்.

உள்ளூரில் கேட்க ஆளில்லையா? இருக்கிறார். பரிசோதனைக்கு வரும் தொழில் திணைக்கள அதிகாரி. வரமுன் போன் வரும். மத்தியானம் சாப்பாடு, போகும்போது ஒரு பை ஷேர்ட். ராணி முறைப்பாடு கொடுத்தது அவரிடம்தான். அடுத்த நாளே அந்தக் கடுதாசி மனேஜரின் மேசையில்.

ஆறாம் லைன் தர்சினி மெல்ல வந்து கேட்டாள்: "அக்கா, உண்மையைச் சொன்னா வேலை போகும். சொல்லாட்டி இப்பிடியே அடக்கிக்கொண்டு இருக்க வேணும். என்ன செய்யிறது?"

"வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றேன். வேறென்ன சொல்ல.

புதன்

அம்மாவின் பிரஷர் குளிசை வாங்க மறந்துவிட்டேன். பூச்சட்டி வந்தது, பாதியில் பூ இல்லை.

ராணி எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, நாளைக்கு வாற அவையளிட்ட என்ர பேரைச் சொல்லுவீங்களோ?"

"பாப்பம்."

பாப்பமாம்! என்ன மனுசி நான்.

வியாழன்

இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்தும் கோணல்.

காலையில் அட்டைகளைச் சேர்த்தேன். ஆறாம் லைன் அட்டையை யாரோ ஒருத்தி கழிப்பறைக்குக் கொண்டு போயிருந்தாள். பிறகு எடுக்கலாம் என்று விட்டேன், மறந்தேன்.

வந்தது இரண்டு பெண்களும் ஓர் ஆணும். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். கந்தோரில் இங்கிலிஷ் தெரிந்த பெண் யார் என்று பார்த்து என்னைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகளைத் தனியே விசாரிக்கும் அறைக்குள் மனேஜர் வரக்கூடாதாம். கதவடியில் நின்று, "உங்களைத்தான் நம்பியிருக்கிறன், தங்கச்சி" என்றார்.

நாலு பிள்ளைகள் வந்தார்கள். நாலு பேரும், "பிரச்சினை ஒண்டும் இல்லை" என்றார்கள். அப்படியே இங்கிலிஷில் சொன்னேன்.

ஐந்தாவது தர்சினி. ஈரக் கையோடு வந்து கதிரையில் இருந்தாள். கழுத்தில் அட்டை! பழக்கதோஷம், மாட்டியிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

வந்தவர்களில் மூத்த பெண் அதைக் காட்டி, என்ன இது என்று கேட்டார். தமிழில் தர்சினியைக் கேட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். முகம் வெளிறிப் போனது. பிறகு என்னையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே, அக்கா."

அதை இங்கிலிஷில் சொன்னேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அட்டை, நாற்பத்திரண்டு பேர், குடிக்காத தண்ணீர், பையோடு போகும் அதிகாரி, ராணி. ராணியின் கடிதத்தை அடித்தது நான் என்றும் சொன்னேன்.

தர்சினி என் கையைப் பிடித்தாள். "சலுகையை நிப்பாட்டிப் போடாதேங்கோ எண்டு சொல்லுங்கோ, அக்கா. அட்டையை நிப்பாட்டினா அதுவே போதும்."

அந்த மூத்த பெண் எழுதிக்கொண்டார். அட்டையைப் படமெடுத்தார். ராணியின் போன் நம்பரையும் வாங்கினார். அறிக்கை வர மாதக்கணக்கு ஆகுமாம். மாதக்கணக்காம்!

வெள்ளி

வெயில். மனேஜர் என்னோடு கதைக்கவில்லை. என் மேசையைப் பொதி கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், மின்விசிறியும் இல்லை. ஆனால் பூட்டிய அட்டைகள் ஒரு லைனுக்கும் திரும்பி வரவில்லை; அட்டையில்லாமலே கழிப்பறைக்குப் போகலாம். கம்பனி மேலிடத்திலிருந்து போன் வந்ததாம். அம்மாவின் குளிசை வாங்கிவிட்டேன்.

பத்து மணிக்கே குடிதண்ணீர்த் தாங்கி காலி. ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. மனேஜர் லைன் லைனாகக் கத்திக்கொண்டு போனார்: "ஆர் இவ்வளவு தண்ணியையும் குடிச்சது?" ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ராணிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தாங்கி காலி என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கேட்டாள்:

"அப்ப என்னை எப்ப திரும்ப வேலைக்குக் கூப்பிடுவினம், அக்கா?"