பின்சீட்டில் கேட்ட உரசல்

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத என் அண்ணனுக்கு,

பாப்பா எழுதுகிறேன். உன் காருக்கு நேற்று மட்கார்டு வேலை முடிந்துவிட்டது. நீ ஆசைப்பட்டுப் போட்ட அகல டயரை மாற்றவில்லை.

பழைய டயரையே போட்டு வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் அப்பா சொன்னார். உன் கூட்டாளி சேசு அண்ணன், தானே தனுஷ்கோடிக்குச் சவாரி ஓட்டுவதாகச் சொல்லியும் அப்பா மசியவில்லை. நான்தான், "வேணாம்ப்பா, அவன் நெனச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றேன். வெளியாள் முன்னால் நான் வாய் திறந்ததைப் பார்த்து அப்பா வண்டிச் சாவியைச் சேசு அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

அப்பா, அம்மா, நான், சேசு அண்ணன் நாலு பேரும் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மட்கார்டின் உள்பக்கம் மடிந்திருக்கும் விளிம்பைத் தடவிப் பார்த்தார். உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு அந்த இடம்தான் முதலில் இற்றுப்போகுமாம். "ராமேஸ்வரத்து வண்டிங்கிறீக, தகரம் புதுசாட்டம் இருக்கே. யாரு இப்படிக் கழுவுனது?" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடிக்க வாங்கின தண்ணீரை டயருக்கு ஊற்றுகிறாய் என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

பெயிண்ட் வெடிக்காமல் இருக்கச் சூட்டுக்காற்று ஊதி, ஒரு உருளையை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, டயரில் உரசாதபடி விளிம்பை மேலே மடக்கினார். அவ்வளவுதான் அண்ணே. ஒரு காலைப்பொழுது வேலை.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. டயர் உரசுவது உனக்குக் கேட்கவே இல்லை. நீ பாட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாய். பின்சீட்டில் இருந்த எனக்குத்தான் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் சர்ரென்று கேட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது சொன்னேன். இறங்கிக் குனிந்து பார்த்தாய். டயரில் கீறல். "நல்லவேள சொன்ன பாப்பா. ஆள ஏத்திட்டுப் போறப்ப வெடிச்சிருந்தா?" என்றாய். மட்கார்டை மடக்கும்வரை சவாரி இல்லை என்று வண்டியை நிறுத்தினாய். பட்டறையில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, ஆள் குறைந்த ஒரு போட்டில் ஏறிக் கடலுக்குப் போனாய்.

போட்டு கவிழ்ந்து மூன்றாம் நாள் உன்னைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் சொல்லாமல் இருந்திருந்தால்?

நேற்று வேலை முடிந்ததும், பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரையும் பின்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். சேசு அண்ணன் வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றினார்.

"கேக்குதாடி?" என்றாள் அம்மா.

"கேக்கல."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நெசம் தெரிந்திருந்தால் சாய்த்திருப்பாளா?

இனி ஒவ்வொரு சவாரி முடிந்ததும் மட்கார்டுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என் வேலை. அது எனக்குக் கஷ்டமில்லை. சத்தமாக வாசிப்பதுதான் கஷ்டம். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்று, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறைக்கு வரும்போது, அவளுக்கும் அப்பாவுக்கும் இதை நானே வாசிப்பேன் அண்ணே. அந்த உரசலைப் பற்றி எழுதிய இடத்தையும் விடாமல் வாசிப்பேன்.

உன் பின்சீட்டுத் தங்கச்சி,
ஜெனிட்டா