பதிந்த குதிகால்

கில்மோரி,
செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 1963

ஆர்ச்சி,

வாட்டியின் காலை உடைத்தது நீ. உறைபனி அல்ல, அவன்மேல் வந்து விழுந்த எதிரணிக்காரனும் அல்ல. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களிலும் உன் நலம் கேட்டிருந்தேன். பதில் இல்லை. இதில் கேட்கப்போவதில்லை.

மைதானக்காரர் டங்கன் ஞாயிறன்று மதுக்கடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாட்டி விழுந்த அன்று காலை நம் முதலாளி ஹாடோ சொன்னபடி, மைதானத்து நடுவட்டத்தில் ஒரே இடத்தில் கரிக் கணப்பை வைத்து உறைந்த மண்ணை இளக்கி, சாம்பலை வழித்து, மேலே மணல் தூவியிருக்கிறார். எந்த இடம் என்று உனக்குக் காட்டியும் இருக்கிறார். நீ போய் அங்கேயே குதிகாலை ஊன்றினாய். பதிந்தது. உள்ளூர் கேப்டனின் குதிகால் பதிந்தால் ஆட்டம் உண்டு என்பது நம் மைதானத்து வழக்கம். வெளியூர் நடுவர் அதை நம்பிவிட்டார். நாங்களும்தான். இடது ஓரம் முழுக்க இரும்பாய் இறுகிக் கிடந்தது, வாட்டி ஓடுகிற ஓரம்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறதாம். பந்தாட்டம் முடிந்துவிட்டது. நம் வார்ப்பாலையில் உலை முன்னால் நிற்பதும் சந்தேகம்தான். டங்கன் சொன்னதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "ஆர்ச்சியண்ணன் பாக்காம சொல்வாரா? நான்தான் தப்பாத் திரும்பிட்டேன்" என்றான். பத்தொன்பது வயது. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நான் கேப்டன். வருகிற சனிக்கிழமை கோப்பை ஆட்டம். கிளாஸ்கோவிலிருந்து பெரிய அணி வருகிறது. இந்தக் குளிரில் மூன்று முறை தள்ளிப்போன ஆட்டம், இனியும் தள்ளிப்போக ஹாடோ விடமாட்டார். இன்று மதியம் அவரே வார்ப்பு மணலை மிதித்துக்கொண்டு நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். சனிக்கிழமை விடியும்போதே கணப்பு வைத்தாகிவிடும், இடத்தை டங்கன் காட்டுவார் என்றார். மற்ற இடமெல்லாம் கல்லாக இருக்கிறதே என்றேன். "ஆர்ச்சி ஊனினான், பதிஞ்சுது. உன் குதிகாலுக்கு மட்டும் என்னப்பா நோவு? உன்னால முடியலன்னா ஹ்யூயி இருக்கான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கால்பந்துக் கழகமும் அவருடையது, உலையும் அவருடையது. அவர் எதைச் சொல்கிறார் என்று புரியாத முட்டாள் இல்லை நான். சனிக்கிழமை அவர் பார்வையாளர் மாடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விஸ்கியோடு உட்கார்ந்திருப்பார். வழுக்கி விழப்போவது அவர் பிள்ளைகள் அல்ல.

பையன்களிடம் பேசிப் பார்த்தேன். ஹ்யூயி எல்லோர் முன்னாலும், "கேப்டன் ஆனதும் தொரைக்குக் குளிருதாம்டா! யாராச்சும் அவருக்கு ஒரு சால்வ கொடுங்கப்பா" என்றான். உடைமாற்றும் அறையே சிரித்தது. டங்கனின் பெயரைச் சொன்னேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு அப்படி எதுவும் சொல்லவில்லை என்கிறார். அவருக்கும் ஹாடோதான் சோறு போடுகிறார். நான் மறுத்தால் ஹ்யூயியைக் கேப்டனாக்குவார், அவன் ஊன்றுவான். வாட்டியின் இடத்தில் இப்போது ஆடுகிறவனும் அவன்தான். தன் காலுக்குத் தானே குழி தோண்டுகிறான் என்று அந்த மடையனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆர்ச்சி வந்து சொல்லட்டும், நம்புறேன்."

அதனால்தான் எழுதுகிறேன். ஹாடோ எழுதிக் கொடுத்த நற்சான்றுதான் உன்னை இங்கிலாந்தில் அந்தக் கார்பி உருக்காலைக்குள் விட்டது என்று தெரியும். உனக்கு அங்கே புது வீடு, உன் மார்கரெட்டுக்கு இது பேறுகாலம். பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கல்யாணம் வைத்திருக்கிறேன், வேலை போனால் இந்த ஊரில் வேறு உலை இல்லை. ஆனால் பயந்தவர்கள் இரண்டு பேராக இருந்தால் பதினோரு பேரும் நிற்பார்கள். ஒருவனாக இருந்தால் அவன் கோழை.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். கைகால் குறையில்லாமல் பிறக்கட்டும், ஓடி ஆடட்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலைக்குள் தந்தி அடி, ஆர்ச்சி. என் வீட்டுக்கு வேண்டாம், ஹ்யூயியின் பெயருக்கு அடி. எங்கே ஊன்றினாய், யார் ஊன்றச் சொன்னது, இரண்டையும் சொல்.

பெர்கஸ்