பெயர் வேண்டாம் என்றவருக்கு

சுங்கைப் பட்டாணி,
22 ஏப்ரல் 1979

மதிப்புக்குரிய ஹபீப் முகம்மது அண்ணனுக்கு,

மரியராஜ் வாத்தியார் வணக்கத்துடன் எழுதுவது. பரங்கிப்பேட்டைக் கடல்காற்று உங்களுக்கும் ரஹீமா அண்ணிக்கும் ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். அண்ணிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்த செய்தி கேட்டு என் வீட்டுக்காரி பிரிஜெட் மெழுகுவத்தி ஏற்றினாள். இங்கே இருவரும் சுகம். உங்கள் சாப்பாட்டுக் கடையில் இப்போது துணி விற்கிறார்கள். பரோட்டாக் கல் இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி நிற்கிறது.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடையை விற்று, தோட்டப்புறப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று நீங்கள் கொடுத்த தொகை மாநிலக் கல்வி அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. “சங்கத்துகிட்ட வேணாம் சார், தலைவரு மாறுனா சண்டை வரும். கவர்மெண்டு கையில கொடுத்துருங்க. ஆனா எம் பேரு எங்கயும் வரக்கூடாது” என்றீர்கள். அப்படியே செய்தேன். ஈராண்டாகப் பணம் பத்திரமாகவே இருக்கிறது. ஒரு பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை.

காரணம் இதுதான். இன்னாருக்கு என்று நிபந்தனை வைக்கும் உரிமை, கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. கொடுத்தவர் யாரென்று தெரியாத பணம் பொது நிதியில் சேர வேண்டும். தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதிய மாணவன் தன் எண்ணை எழுத மறந்தால், திருத்துகிறவர் மதிப்பெண்ணை யாருக்குப் போடுவார்? உங்களுக்குத் தெரிந்தபடி சொன்னால், நோன்புக் கஞ்சிக்கு வந்த அரிசி அண்டாவில் விழுந்த பிறகு, இந்தப் பிடி இன்ன பிள்ளைக்கு என்று பிரிக்க முடியாது. இப்போதுள்ள அதிகாரி நல்லவர். அண்டாவில் போடாமல் இத்தனை நாள் தனியாக வைத்திருக்கிறார். மே மாதத்தோடு கணக்கை முடிக்க வேண்டுமாம், அதன் பிறகு அதுவும் அவர் கையில் இல்லை.

நீங்கள் சென்னையிலுள்ள மலேசியத் தூதரக அலுவலகத்துக்குப் போய், பணம் உங்களுடையது, தோட்டப் பிள்ளைகளுக்கே உரியது என்று கையெழுத்திட்டால் போதும். ஆனால் நிதிக்கு உங்கள் பெயர் வைப்பார்கள். பத்திரிகையிலும் அறிவிப்பார்கள். அது மட்டும் வேண்டாமே என்று அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். ஊருக்குச் சொல்லாமல் வாங்கிய பணத்துக்கு நாளை தான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சிரித்தார்.

கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் இஞ்ஞாசிமுத்துவின் மகள் ஜெனவீவ், ஐந்தாம் படிவத்தில் நன்றாகத் தேறி, ஆறாம் படிவத்துக்கு இங்குள்ள பள்ளியில் இடம் வாங்கியிருக்கிறாள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். “பினாங்கு ஃபேக்டரி பஸ்ஸு வேலைக்கு ஆளெடுக்கத் தோட்டத்து வாசலுக்கே வருது சார். உங்க கவர்மெண்டு பஸ்ஸு எப்பலா வரும்?” என்று அவள் அப்பா கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. “ஒரு மாசம் பொறுங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் கலக்கப் போனாள். தேநீரில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நானும் சொல்லாமல் குடித்துவிட்டேன்.

உங்கள் மகன் கவுஸைப் பற்றியும் எழுத வேண்டும். பெண்டாங்கில் வாடகைக்கு எடுத்த மளிகைக் கடையை மிகவும் சிரமப்பட்டு நடத்துகிறார். இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது, உங்கள் சாயல். பார்க்கும்போதெல்லாம், “வாப்பா நல்ல மனுசன் சார், யாரோ ஏமாத்தி அடிமாட்டு விலைக்குக் கடைய வாங்கிட்டான்” என்று உங்களுக்காக வருத்தப்படுகிறார். நானும் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன். பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது தர்மத்தை மறைத்துச் செய்யச் சொல்லும் மார்க்கத்துக்காக மட்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

கையெழுத்திட மனம் வரவில்லை என்றால் எனக்கு வருத்தம் இல்லை. பணம் பொது நிதிக்குப் போகும், அங்கேயும் ஏதோ ஒரு பிள்ளை படிக்கும். ஜெனவீவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்திடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். கவுஸ் தினமும் கடையில் பத்திரிகை விற்கிறார். அறிவிப்பு அதில் வருவதற்கு முன்னால் உங்கள் கையால் எழுதிய கடிதம் அவருக்குப் போய்ச் சேரட்டும். நான் போய்ச் சொல்லலாம், ஆனால் அது வேறு மாதிரி இருக்கும். எழுதித் தபாலில் போட்ட கையோடு சென்னைக்கு ரயில் ஏறுங்கள். அவருடைய பதிலுக்காக நிற்க வேண்டாம். அது வரத் தாமதமாகலாம்.

அந்தப் பதில் வரும்வரை இறைவன் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
மரியராஜ்