இருநூற்று இருபதில் நின்றது

மார்ச் 3, திங்கள்

நேற்று மகனோடு இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

வேலைக்காக அவன் வேறு ஊர் போய் எட்டு மாதம். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். "சாப்பிட்டீங்களா?" "ம். நீ?" "ஆச்சு. சரிப்பா, வச்சிடட்டுமா?" மொத்தம் ஒன்றரை நிமிடம். சண்டையெல்லாம் இல்லை. அவன் அம்மா இருந்தவரை ஃபோன் அவள் கையில்தான் இருக்கும். நான் பக்கத்தில் நின்று "நான் கேட்டேன்னு சொல்லு" என்பேன். அவள் போன பிறகுதான் தெரிந்தது, மகனிடம் பேச எனக்கென்று சொந்தமாக ஒரு வாக்கியம்கூடக் கிடையாது என்று.

நேற்று ஏதோ வாய்க்கு வந்தது என்று, நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகருதுடா என்றேன். மடை திறந்துவிட்டது. அதன் மூளையான பிராசசரின் வேகத்தை நாமே கூட்டலாமாம். பஸ் வேகம் என்று ஒன்று உண்டாம்; உள்ளே சேதி போய்வரும் பாதையின் வேகம். அதை ஏற்றினால் பிராசசரும் சேர்ந்து ஏறுமாம். நான் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கும் யாராவது இதைச் செய்தால் தேவலை.

மார்ச் 5, புதன்

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரின் செட்டிங்குக்குள் புகுந்தேன். இருநூறு என்று இருந்த பஸ் வேகத்தை இருநூற்றைந்து ஆக்கினேன். மகன் ஐயா விதித்த சட்டங்கள்: ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற பாதையைப் பழைய வேகத்திலேயே பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் உள்ளதெல்லாம் கந்தலாகும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கடும் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். சூடு எழுபதைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். கண்ணால் பார்த்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும்.

கடைசிச் சட்டத்தை என்னிடமா சொல்கிறான்! இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான். பார்க்காத எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறவனை எங்கள் தொழிலில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

மார்ச் 6

திரையில் வேகம் பாதியாகக் காட்டுகிறது! கெடுத்துவிட்டேனா? பதறிப்போய் ஆபீஸ் நேரத்திலேயே கூப்பிட்டேன். "சும்மா இருக்கும்போது அதுவே குறைச்சுக்கும்பா. வேலை குடுத்துட்டுப் பாருங்க." சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

இருநூற்றுப் பதினைந்து. சூடு ஐம்பத்தாறு. பேச்சு முப்பத்தொரு நிமிடம். கீழே வாட்ச்மேன் மடக்கினான்: "என்னண்ணே, மூஞ்சி மினுமினுக்குது? பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா?" பஸ் வேகம் கூடியிருக்குப்பா என்றேன். திருதிருவென்று முழித்தான்.

மார்ச் 14, வெள்ளி

இருநூற்று இருபது. மூன்று மணி நேரம் வறுத்தெடுத்தும் அசையவில்லை. ஐம்பத்தெட்டு டிகிரி. இந்தப் பழைய மதர்போர்டுக்கு இது போதும், இதற்கு மேல் பேராசை என்று அவனே சொல்லியிருக்கிறான். வேலை முடிந்தது.

முடிந்தது என்றால் — இனி ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது?

மார்ச் 16, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன்.

பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சு போகுதுடா என்றேன். "சூடு எவ்ளோ?" ஐம்பத்தெட்டு என்றேன், அது மட்டும் உண்மை. "சூடே இல்லையே, அப்புறம் ஏன் அணையுது?" குழம்பிப்போனான். வோல்டேஜை ஒரு படி ஏற்றிப் பார்க்கச் சொன்னான். ஃபோனில் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். ஏற்றவில்லை. நாற்பத்து நான்கு நிமிடம். வெட்கங்கெட்டவன், அதற்கப்புறம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி துவைத்தேன்.

மார்ச் 19, புதன்

அவனாகவே கூப்பிட்டான்! "ஏத்தினீங்களா?" "ஏத்தினேன், இன்னும் அணையுது." ஒரு பொய் வந்தால் மற்றவை அதன் கையைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. இன்னொரு படி ஏற்றச் சொன்னான்.

மார்ச் 23, ஞாயிறு

என்னிடம் இருப்பதைப் போலவே இன்னொன்று அவனிடமும் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய ஜோடி. நான் சொன்ன எண்களை அதில் அப்படியே போட்டு, எங்கே கோளாறு என்று தேடியிருக்கிறான். பஸ் இருநூற்று இருபது, வோல்டேஜ் இரண்டு படி. "நேத்து பொசுங்கின வாசனை வந்துச்சுப்பா. போர்டு போயிடுச்சு" என்றான். வாரக் கடைசியில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுப்பது அதில்தான்.

"பரவால்லப்பா, உங்களுது தப்பிச்சுதே. இனிமே அதைத் தொடாதீங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றேன். ம்! அது ஒரு பதிலா?

மார்ச் 24

லிஃப்ட் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், அப்படியும் திக்கியது. "அது அணையவே இல்லடா. பதினாலாம் தேதியே நல்லா நின்னுடுச்சு. நீ பேசிட்டே இருக்கணும்னுதான்..."



"ஒரு வாரமா மண்டைய பிச்சுக்கிட்டேன்பா" என்றான். வைத்துவிட்டான்.

மார்ச் 30, ஞாயிறு

கூப்பிடவில்லை.

ஏப்ரல் 1

பஸ் வேகத்தைப் பழைய இருநூறுக்கே இறக்கினேன். ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழு டிகிரி. பிறகு கழற்றி, பஞ்சும் துணியும் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். எண்கள் எழுதிய நோட்டையும் உள்ளே போட்டேன். அதில் பதினாறாம் தேதியும் பத்தொன்பதாம் தேதியும் காலியாக இருக்கின்றன. அவனிடம் வாய் கூசாமல் சொன்னதை நோட்டில் எழுதக் கை கூசியிருக்கிறது.

பார்சல் ஆபீஸ் பெண் கேட்டாள்: "உடையற சாமானா, சார்?"

"ஏற்கெனவே ஒண்ண உடைச்சாச்சும்மா. அதுக்குப் பதிலாத்தான் இது போகுது."

அது இருந்த மேஜை இனி சாப்பிட மட்டும்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்சல் சேர்ந்துவிட்டது என்று கம்பெனிக்காரனிடமிருந்து சேதி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"மாட்டிட்டேன். ஓடுது."

"இருநூறுதானே காட்டுது?"

"இருநூறுதான். வேலை குடுத்தும் பாத்துட்டேன்."

வைக்கப்போகிறான் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. கேட்க ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. இந்தத் தடவை எதையும் இட்டுக்கட்டவில்லை.

"கோவம் இன்னும் இருக்குப்பா" என்றான்.

"இருக்கட்டும்டா."

"ரூம்ல கூட இருந்தவன் காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லல."

"அப்போ தனியாவா இருக்கே?"

"ம்."

அந்த "ம்" எனக்கு நன்றாகத் தெரிந்த "ம்". பிறகு அவனாகவே பேச ஆரம்பித்தான்: புது மேனேஜர், தண்ணீர் வராத குழாய், ஜன்னலைத் திறந்தால் தெரிகிற எதிர்ச்சுவர்.

கீழே மூன்றாம் மாடிக்காரர் பொறுமை இழந்து கத்தினார்: "என்னய்யா, லிஃப்ட் வருமா வராதா?"

"இன்னும் வேலை முடியல சார், கொஞ்சம் பொறுங்க!"

வேலை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இந்தப் பொய்யை எழுத மட்டும் கை கூசவில்லை.