டொங்காவின் ஏழாவது ஆள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். லிப்ட் ஒன்று பழுது, மற்றதில் யாரோ சோபா ஏற்றுகிறார்கள். வேலைக்குப் பிந்திப் போனேன். பல் வைத்தியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ரிசெப்ஷனில் நான் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு போன்கூட எடுக்கத் தெரியாது.

வாங்க வேண்டியது: பால், கறிவேப்பிலை, வீட்டில் இவருக்கு முதுகுக்குப் பூசுகிற களிம்பு.

மத்தியானம் மதுரா போன். மகள் தானாக எடுத்தால் ஏதோ வேலை வைக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"அம்மா, சனிக்கிழமை ஃப்ரீயோ? ஒரு அம்பயர் வேணும்."

வலைப்பந்துக்கு. யாருக்கென்றால் என் டொங்கா மருமகன் சியோனேயின் ஆட்களுக்கு. பசிபிக்கில் உள்ள தீவு நாடுகள் எல்லாம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பெரிய விளையாட்டு விழா வைப்பார்களாம். ஓட்டம், பாரம் தூக்கல், தோணி வலித்தல், வலைப்பந்து எல்லாம் உண்டு. சியோனேயின் தங்கை ஒருமுறை டொங்காவுக்காக ஆடியவள். அதைப் பார்த்து ரொறன்ரோவில் இருக்கிற தீவுக்காரரும் ரெக்ஸ்டேலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஒருநாள் விழா நடத்துகிறார்கள். பிஜி, சமோவா, டொங்கா என்று நாட்டுக்கு ஒரு அணி.

யாழ்ப்பாணத்தில் பி.ரி. ரீச்சராக இருந்தபோது வாயில் வைத்த விசில். இங்கே வந்தும் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த நகரத்தில் வலைப்பந்து விதி முழுதாகத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஓம் என்று சொல்லிவிட்டேன். இந்த வாய்.

சியோனே மருமகன் என்பது வெளியே தெரியாத கதை. போன இலையுதிர் காலத்தில் நகர மண்டபத்தில் பதிவுக் கலியாணம். சாட்சிக் கையெழுத்து நானும் இவரும். வேறு யாருக்கும் சொல்லவில்லை. முக்கியமாக மில்லிக்கனில் இருக்கிற அக்காவுக்கு. மதுரா விமான நிலையத்தில் வேலை, அதனால் கிட்டவாக ரெக்ஸ்டேலில் ஒரு அறை எடுத்திருக்கிறாள் என்பதுதான் அக்காவுக்கு நான் சொன்ன கதை. யாரோ வீட்டுப் பிள்ளை வேற்று ஆளைக் கட்டியபோது அக்கா சொன்னாள், "எங்கட குடும்பத்தில உது நடவாது." நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தலையும் ஆட்டினேன்.

ஜூலை 9, புதன்

மீற்றிங். சினா வீட்டு பேஸ்மென்ட். சினா சமோவாக்காரி. தலைவி, செயலாளர், சமையல் எல்லாம் அவளே.

ஏழு மணி என்றார்கள். ஏழுக்குப் போனேன். சினா குளித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வர எட்டரை. வந்ததும் சாப்பாடு. சாப்பிட்டதும் பாட்டு. பாட்டு முடிந்தது என்று பார்த்தால் ஒருவர் கிற்றாருக்குச் சுருதி பார்க்கத் தொடங்குகிறார்.

நிகழ்ச்சி நிரல் எங்கே என்று கேட்டேன். "சாப்பாடு, விளையாட்டு, சாப்பாடு" என்றாள் சினா. அணிநடை? சத்தியப்பிரமாணம்? வெற்றிப் படி? பிரதம விருந்தினர்? எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். அன்பாகச் சிரிக்கிற ஆட்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

அடுத்தது ஆட்கள். ஆள் குறைந்தால் பக்கத்து நாட்டில் இருந்து எடுப்பார்களாம். எங்கள் ஊர்ச் சங்கங்களில் எத்தனை போட்டி இதாலேயே அடிபிடியில் முடிந்தது. "உவன் எங்கட ஊர் இல்லை, தாய்தான் அந்த ஊர்." "உவர் அங்க பெண் எடுத்தவர், பிறந்தது வேற இடம்." கடைசியில் கிண்ணத்தைக் காரில் போட்டுக்கொண்டு ஓடினவர்களும் உண்டு.

ஆகவே விதியை நானே சொன்னேன். அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாய் தகப்பன் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டவரைக் கலியாணம் கட்டியிருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னர் நடுவர் ஒவ்வொரு பெயரையும் வாசித்து, என்ன முறையில் ஆடுகிறார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். நடுவர் தீர்ப்பே முடிவு.

"அன்ரி, இது பிக்னிக்" என்றாள் லிட்டியா, பிஜி அணித் தலைவி. பிக்னிக் என்றாலும் விதி விதிதான் என்றேன். கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

மதுரா கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொங்கா அணிக்கு அவளையும் சேர்த்தால்தான் ஏழு பேர். ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது ஓடி வெளிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வெளித்தது: அவள் சியோனேயின் மனைவி என்று நானே சத்தமாக வாசிக்க வேண்டும். சரி, அங்கே எங்கள் ஆட்கள் யார் வரப் போகிறார்கள். வாசித்துவிட்டு வரலாம்.

ஜூலை 11, வெள்ளி

வேலை முடிந்து நேரே ரெக்ஸ்டேல். வளையக் கம்பம் பார்க்க. கூடைப்பந்து வளையத்திலேயே ஆடலாம் என்றிருந்தார்கள். பின்பலகை உள்ள வளையத்தில் வலைப்பந்தா என்று கத்தினேன். சியோனே பைப் வாங்கி, வளையம் ஒட்டி, இரண்டு கம்பம் செய்து வைத்திருக்கிறான். அளந்து பார்த்தேன். உயரம் சரி. வளையத்தின் அகலமும் சரி. ஒரு பிழை பிடிக்க முடியவில்லை, அதுவும் எரிச்சல்.

"சரியோ மாமி?" என்றான். மதுரா பழக்கிவிட்ட சொல். வாய் நிறையச் சொல்கிறான். "சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார். கோயிலில் அத்தானைக் கண்டவராம். மனுசி நாளைக்கு ஒரு சர்வதேசப் போட்டிக்கு நடுவர் என்று பெருமை அடித்தவராம். அத்தானும் அக்காவும் வருகிறார்கள். மடக்குக் கதிரை, கட்லட், பிளாஸ்க் எல்லாம் ரெடியாம்.

"உங்களுக்கு விசரோ?" என்றேன்.

"ஆசையாக் கேட்டவர், நான் என்ன செய்யிறது?"

மதுராவுக்குப் போன் எடுத்தேன். நாளைக்குப் பெரியம்மா வருகிறா, சியோனேயிடம் என்னை மாமி என்னாமல் "அன்ரி" என்று கூப்பிடச் சொல்லு என்றேன். "ஃபைன்" என்றாள். அந்த ஃபைன் நல்லதில்லை.

ஜூலை 12, சனி

எழுதவே மனம் இல்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

வெயில். பத்து மணிக்கு என்றது, பன்னிரண்டாகியும் தொடங்கவில்லை. முதலில் ஜெபம், பிறகு சாப்பாடு. அணிநடை மட்டும் என் பிடிவாதத்தில் நடந்தது. துவாலு நாட்டுக்கு ரொறன்ரோவில் ஒரே ஒரு ஆள். கொடியைத் தூக்கிக்கொண்டு தனியே நடந்தார். அவருக்குத்தான் கூடக் கைதட்டு. அக்காவும் எழும்பி நின்று தட்டினாள். அவளுக்குக் கதிரை நிழலில் போட்டுக் கொடுத்தது சியோனே. "நல்ல பொடியன்" என்றாள் என்னிடம். நான் விசில் கயிற்றைச் சரி பண்ணினேன்.

பிஜி எதிர் டொங்கா. பெயர் வாசித்தேன். பிஜி முடிந்தது. டொங்காவில் ஆறு பேர் முடிந்தது. பிறப்பு, பிறப்பு, தகப்பன் வழி, இப்படியே. ஏழாவது மதுரா. நடு ஆட்டக்காரியின் சென்ரர் பட்டியை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பெயரை வாசித்துவிட்டு நின்றுவிட்டேன்.

"அன்ரி, அவள் என்ன முறை? சத்தமாகச் சொல்லுங்கள்" என்றாள் லிட்டியா. பகிடிக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மைதானத்தில் இருந்த அத்தனை தீவுக்கும் தெரியும், அவள் சியோனேயின் மனைவி என்று. தெரியாதது கோட்டுக்கு வெளியே கட்லட் பெட்டியை மடியில் வைத்திருந்த அக்காவுக்கும் அத்தானுக்கும்தான்.

"பதிவு காட்டப்படவில்லை. ஆட முடியாது. டொங்கா ஆறு பேரோடு ஆடலாம்" என்றேன். ஆங்கிலத்தில், நடுவர் குரலில். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

சிரிப்பு நின்றது. சியோனே ஏதோ சொல்ல வாய் திறந்தான். என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "ஓகே, அன்ரி" என்றான்.

மதுரா கிட்ட வந்தாள். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சைன் வச்சது நீங்கள், அம்மா" என்றாள். பட்டியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போய்ப் புல்லில் இருந்தாள்.

நான் விசில் ஊதினேன். முழு ஆட்டமும் ஊதினேன். டொங்கா படுதோல்வி.

"பிள்ளை ஏன் விளையாடேல்லை? பாவம், வெளிக்கிட்டு வந்து நிண்டவள்" என்று கேட்டாள் அக்கா.

"ஆள் கூடிப் போச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "நீ செய்தது சரியில்லை" என்றார்.

"நீங்கள் எழும்பிச் சொல்லியிருக்கலாமே."

"விசில் உன்ர வாயில எல்லோ இருந்தது."

ஜூலை 13, ஞாயிறு

மதுரா போன் எடுக்கவில்லை. காலையில், மத்தியானம், பின்னேரம். மெசேஜ் பார்க்கிறாள், பதில் இல்லை.

உடுப்புத் தோய்க்கப் போனால் மெஷின் காசைத் தின்றுவிட்டது. மெஷினுக்குக் காலால் உதைந்தேன். ஒரு சீனக் கிழவர் பயந்து போனார். மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு என்ன கோபம் என்றால், பிழையான தீர்ப்பு. வேண்டுமென்றே சொன்ன பிழையான தீர்ப்பு. ஊரில் மந்திரியின் மகள் ஆடிய போட்டியில்கூட நான் அப்படிச் செய்தவள் இல்லை. என் பிள்ளைக்குச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு முன்னால் போய் நிற்கவும் வெட்கமாக இருக்கிறது.

சினாவுக்குப் போன் எடுத்தேன். தீர்ப்புப் பிழை, முடிவு செல்லாது, திரும்ப ஆட வேண்டும் என்றேன்.

"யாருக்கும் ஸ்கோர் நினைவில்லை, அன்ரி."

எனக்கு நினைவிருக்கிறது என்றேன். அடுத்த சனி எப்படியும் மிச்ச இறைச்சியை வாட்டக் கூடுகிறார்களாம், அப்போது ஆடலாம். ஆனால் விசில் என்னிடம் இல்லை, அவளிடம். நல்லது.

ஆனால் ஆட்டத்தைத் திரும்ப ஆடினால் மட்டும் போதுமா? எல்லோருக்கும் கேட்கச் சொன்ன தீர்ப்பு. திருத்துவதும் எல்லோருக்கும் கேட்கத்தான் வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

வேலையில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அப்பொயின்மென்ற் போட்டுவிட்டேன். மூன்று பேரும் வந்து குந்தியிருக்கிறார்கள். வைத்தியர் கத்த, நானும் கத்தினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

பிரேக்கில் குடும்ப வட்ஸ்அப் குறூப்பைத் திறந்தேன். லண்டன், பாரிஸ், சிட்னி, கோப்பாய், எல்லாரும் அதில். ஏழெட்டுத் தரம் எழுதி அழித்தேன். அழகாக எழுத வரவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதினேன்:

"சனிக்கிழமை நடந்த வலைப்பந்தாட்டத்தில் மதுராவுக்கு டொங்கா அணியில் ஆட முழுத் தகுதி இருந்தது. காரணம், அவர் டொங்கா நாட்டைச் சேர்ந்த சியோனேயைப் போன வருடம் பதிவுத் திருமணம் செய்தவர். சாட்சி நானும் இவரும். தகுதி இல்லை என்று நான் சொன்னது பிழை. தெரிந்தே சொன்ன பிழை. நடுவர்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

லண்டன் அண்ணை: ஒரு பெருவிரல். பிறகு, "டொங்கா எங்க இருக்கு?" பாரிஸ் மச்சாள்: பூங்கொத்து, கேக், கேள்விக்குறி. கோப்பாயில் இருந்து குரல் மெசேஜ், நாய் குரைக்கிற சத்தம் மட்டும்.

பின்னேரம் அக்கா.

"ஆர், எனக்குக் கதிரை போட்டுத் தந்த பொடியனோ?"

"ஓம்."

"எனக்குப் பயந்தோ பிள்ளையை வெளியில இருத்தினனி?"

"ஓம்."

"நல்ல கதை. உன்ர பயத்துக்கு என்ர பேரோ வச்சனி?" மூச்சு வாங்கினாள். "எனக்கு விருப்பம் எண்டு நான் சொல்லமாட்டன். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் புல்லில இருந்த பிள்ளையின்ர முகத்தை நான் பாத்தனான். ஆள் கூடிப்போச்செண்டு எனக்குச் சொன்னாய். சொந்தப் பிள்ளைக்கு உப்பிடி ஆரும் செய்வினமோடி?"

வைத்துவிட்டாள்.

மதுரா மெசேஜைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

மழை. கட்டடம் பராமரிக்கிற சூப்பர் வந்து ஏசியைப் பார்த்துவிட்டு, புதுசு போட வேண்டும் என்று சொல்லிப் போனான். அதைத்தானே நானும் போன மாதம் சொன்னேன்.

சியோனே மெசேஜ்: "சனி 11 மணி, மாமி." அவ்வளவுதான். மகளிடம் இருந்து இன்றைக்கும் இல்லை. இவர் நாலு தரம் கேட்டுவிட்டார், எடுத்தாளா எடுத்தாளா என்று. ஐந்தாம் தரம் கேட்டால் கரண்டி பறக்கும்.

ஜூலை 19, சனி

வெயில் இல்லை, காற்று. பதினொரு மணி என்றது, பன்னிரண்டு. விசில் சினாவிடம். பெயர் வாசிக்கும்போது மதுராவின் முறை வர, "சியோனேயின் மனைவி" என்று சினா வாசித்தாள். ஒரு வாக்கியம். அதற்கா நான் அத்தனை பாடு படுத்தினேன்.

மதுரா என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கே நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இவர் கதிரையோடு டொங்காக் கூட்டத்துக்குள் போய் இருந்து, ஏதோ வாங்கிச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், குப்பை வாளிக்கு அருகே நின்றேன்.

சினாவுக்குக் கால் பிழை ஒன்றும் கண்ணில் படுவதில்லை. பிஜிக்காரி பந்தை வைத்துக்கொண்டு ஊர்கோலம் போகிறாள், ஊதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது கால் பகுதியில் டொங்கா இரண்டு கோல் பின்னுக்கு. மதுரா பந்தைப் பிடித்துத் தடுமாறினாள். "மது, வலக்காலை ஊண்டு! இடப்பக்கம் ஆள் நிக்குது, பார்!" என்று கத்திவிட்டேன். மைதானம் முழுக்கக் கேட்டது.

சினா விசில் ஊதினாள். இதற்கு மட்டும் ஊதத் தெரிகிறது. என்னிடம் வந்தாள். அணியைச் சேராதவர்கள் கோட்டுக்குக் கிட்ட நின்று சொல்லிக் கொடுக்கக் கூடாதாம். சரிதான், விதி அப்படித்தான். பிறகு திரும்பி மதுராவைக் கேட்டாள், அவள்தானே இன்றைக்கு டொங்கா தலைவி: "இவர் உங்கள் ஆளா?"

எல்லோரும் பார்த்தார்கள். லிட்டியாவும் பார்த்தாள். மதுரா பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வியர்வை. பன்னிரண்டு வயதில் கோபித்தால் எப்படி மூக்கு சிவக்குமோ அப்படியே சிவந்திருந்தது. இல்லை என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? பஸ் எடுத்து வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

"ஓம், எங்கட ஆள்" என்று சினாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "கோவம் இன்னும் போகேல்லை. அங்க அப்பாவோட போய் நில்லுங்கோ. கத்தக்கூடாது."

போய் நின்றேன்.